லண்டன் பேசியது, நாம் கேட்டோம்

(ரிங்லெட்டில் ஞாயிறன்று கூடிய தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



"பிரிட்டிஷ் செய்தியும் நம் வாழ்வும்" என்ற பொருள் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் சென்ற வாரம் நமக்குச் சீட்டு அனுப்பியிருந்தார். அந்தச் சீட்டை எட்டிப் பார்த்த லயத்துப் பையன்கள் இருவர், "அண்ணே, மான்செஸ்டர் ஜெயிக்குமா, லிவர்பூல் ஜெயிக்குமா என்றா பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. இன்று நம் பிள்ளைகளுக்குப் பிரிட்டன் என்றால் பந்தாட்டம். அவர்களுடைய பாட்டிமாருக்குப் பிரிட்டன் என்றால் எலிசபெத் ராணி. அந்த அம்மையாரும் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் காலமானார். அதே ஆண்டில் ரிஷி சூனாக் என்பவர் பிரதமரானபோது நம்மில் சிலர், ஏதோ சொந்த ஒன்றுவிட்ட அண்ணன் பதவிக்கு வந்ததுபோல் மகிழ்ந்தார்கள். 2024-இல் அவர் பதவியை விட்டும் போனார். அவர் வந்து போனதில் நம் கொழுந்துக் கூடையின் கனம் ஒரு பலமாவது குறைந்ததா என்பதை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை!

நாம் நிற்கும் இந்த மலையே பிரிட்டிஷ்காரன் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. 1885-இல் நிலம் அளக்க வந்த வில்லியம் கேமரன் பெயர் அது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே தேயிலை போட்டார். துரைமார் குளிர் காய்ந்த வீடுகளும், அவர்கள் ஊர் மோஸ்தரில் கட்டிய விடுதிகளும் தானா ராத்தாவில் இன்னும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லப் போதிய ஆட்கள் உண்டு. கண்ணால் பார்க்கும் பிரிட்டனை அவர்களுக்கே விட்டுவிடுவோம். காது வழியாக நம்மிடம் வந்த பிரிட்டனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதாவது, ரேடியோ.

இந்த மலையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். எங்கள் பாட்டனார் அங்கே பிறந்து வளர்ந்தவர். 1941-இல் அவருக்கு வயது 12. அந்தத் தோட்டத்தில் துரை பங்களாவை விட்டால் ரேடியோப் பெட்டி இருந்தது பெரிய கிராணியார் வீட்டில் மட்டும்தான். மாலையில் அவர் வராந்தாவில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெட்டியின் காதைத் திருகி, லண்டனைப் பிடிப்பார். லண்டன் பேசும். அது என்ன பேசுகிறது என்று கேட்க லயத்து ஆட்கள் நாலைந்து பேர் வேலிக்கு வெளியே வந்து நிற்பார்கள். கிராணியார் உள்ளே வா என்றும் சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார். செய்தி முடிந்ததும் பெட்டியை மூடி, துணி போர்த்திவிட்டு எழுந்து போவார். வெளியே நின்றவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னாங்க ஐயா சொல்றான் லண்டன்காரன்?" என்று ஒரு நாள் எங்கள் பாட்டனாரின் தகப்பனார் கேட்டாராம். "உனக்கு அது தேவையில்லை" என்று பதில் வந்ததாம்.

அந்த வாசகத்தை எங்கள் பாட்டனார் சாகும்வரை மறக்கவில்லை. பேரப்பிள்ளை கிராணி வேலைக்குப் போகிறான் என்று கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வேலிக்கு வெளியே ஆள் நின்றால் உள்ளே கூப்பிடு" என்பதுதான். அந்தக் கிராணியாரும் தமிழர்தான் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. துரை நமக்குப் போட்ட வேலி ஒன்று. நமக்கு நாமே போட்டுக்கொண்ட வேலி இன்னொன்று. இங்கே கிராணிமாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வருத்தப்படவேண்டாம். நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே.

நிற்க. லண்டன் அன்று தமிழிலும் பேசத் தொடங்கிவிட்டது என்பது அந்தக் கிராணியாருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. 1941-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பி.பி.சி. நிலையம் தமிழில் செய்தி மடல் ஒன்றை ஒலிபரப்ப ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை. இந்தியாவில் உள்ளவர்களைப் போரில் தன் பக்கம் வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் சர்க்கார் செய்த ஏற்பாடு அது. தமிழின்மேல் திடீர்க் காதல் பிறந்து செய்த காரியமல்ல.

அந்த நிலையத்தில் 1941 ஆகஸ்டு முதல் 1943 நவம்பர் வரை வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். பன்றிகள் பண்ணையைக் கைப்பற்றி ஆளும் கதையை 1945-இல் எழுதி வெளியிட்டாரே, அவரேதான். இயற்பெயர் எரிக் பிளேர். 1903-இல் பீகாரில் மோதிஹாரி என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் இந்தியச் சர்க்காரின் அபினி இலாகாவில் உத்தியோகஸ்தர். இவர் பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்து, அந்த வேலையை வெறுத்து, 1927-இல் உதறியவர். பேரரசின் அழுக்கை உள்ளிருந்து பார்த்த அந்த மனிதரைத்தான், போர் வந்ததும், பேரரசுக்காகப் பேச உட்கார வைத்தார்கள்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் போர்ச் செய்தி விமரிசனத்தை மொழிபெயர்த்து, குஜராத்தி, மராத்தி, வங்காளி, தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பினார்கள். ஆகவே அந்த நாளில் லண்டனிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி மடல்களில் பலவற்றின் மூலம் ஆர்வெலின் பேனாவிலிருந்து வந்தது. இதைச் சொன்னால் நம் படித்த நண்பர்களே வியப்படைகிறார்கள். ஜப்பானியர் பிடித்துக்கொண்ட மலாயாவுக்கென்று தனியாகவும் அவர் செய்தி மடல் எழுதினார். அதை ஆங்கிலத்தில் தாமே வாசித்தார். கவனியுங்கள்: மலாயாவுக்கு ஆங்கிலத்தில்! அதாவது, வராந்தாவில் சாய்ந்திருப்பவருக்கு. வேலிக்கு வெளியே நின்றவனுக்கு அல்ல.

அப்போது வராந்தாவிலும் யாரும் சாய்ந்திருக்கவில்லை. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் மூட்டை கட்டினார்கள். பெட்டி வைத்திருந்தவர்கள் அதைப் பதிந்துகொள்ளவேண்டும். லண்டனைப் பிடிக்க முடியாதபடி சிற்றலைப் பகுதியை அடைத்து முத்திரை வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஜப்பானியர் உத்தரவு போட்டார்கள். மறைத்துக் கேட்டவன் கெம்பித்தாய் கையில் அகப்பட்டால் என்ன ஆவான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் லயங்களிலிருந்தோ ஆயிரம் ஆயிரமாய் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டனாரின் அண்ணன் ஒருவர் போனார். வரவில்லை. இந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு பெயரைச் சொல்லமுடியாத குடும்பம் எத்தனை இருக்கும்?

உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபின், தோட்டத் தமிழன் காது கொடுத்தது நேதாஜிக்கே ஒழிய லண்டனுக்கு அல்ல. பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தவர்கள் நம் ஆட்கள். ஜான்சி ராணிப் படைக்குத் தோட்டத்துப் பெண்களும் போனார்கள். லண்டன் விடுதலையைப் பற்றிப் பேசினால் அவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

ஆர்வெலுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தம் பேச்சை யாரும் கேட்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. பயன் தராத வேலையில் தம் காலத்தையும் பொதுமக்கள் பணத்தையும் வீணாக்குவதாகக் கருதி, 1943 செப்டம்பரில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்.

அதே 1943-ஆம் ஆண்டு, நம் மலைக்குக் கீழே, லண்டன் ரேடியோவைக் கேட்ட குற்றத்துக்கும் சேர்த்து ஒரு பெண்மணி பிடிபட்டார்.

தாப்பாவுக்கு இறங்கி, ஈப்போ போகும் வழியில் பத்து காஜா பக்கம் திரும்பினால் பப்பான் என்று ஓர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் பப்பான் என்றால் பலகை. ஈயம் எடுத்துச் செழித்து, ஈயம் போனதும் ஓய்ந்துபோன சிற்றூர். அங்கே பிரதான வீதியில் 74-ஆம் நம்பர் வீட்டில் மருந்தகம் வைத்திருந்தவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். யுரேஷியக் குடும்பத்தில் பிறந்த மருத்துவத் தாதி. பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரர். சீன மொழியும் சரளமாகப் பேசுவார். கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு தைப்பிங்கில் பிறந்த நம்மவர். குண்டு வீச்சுக்குப் பயந்து ஈப்போவை விட்டுப் பப்பானுக்கு வந்தவர்கள், காட்டிலிருந்து இரவில் இறங்கி வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு இரகசியமாக மருத்துவம் செய்தார்கள். காயத்திலிருந்து குண்டுகளை எடுத்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு ரேடியோ மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அம்மையார் வைத்த பெயர் ஜோசபின். வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல! யாராவது காதில் விழுந்தாலும் "ஜோசபின் இன்று என்ன சொன்னாள்?" என்று கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? இரவில் பி.பி.சி. செய்தியைக் கேட்டு, அதை ஊரில் நம்பிக்கையானவர்களுக்கும் காட்டில் இருந்தவர்களுக்கும் சொல்லி அனுப்புவார்கள். "உனக்கு அது தேவையில்லை" என்று சொன்ன வராந்தாவையும், மருந்துச் சீசாவோடு செய்தியையும் கொடுத்தனுப்பிய இந்த வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1943-இல் கணவரும் மகனும் பிடிபட்டார்கள். பின்னர் அம்மையாரும் பிடிபட்டார். அவரைக் கெம்பித்தாய் என்ன செய்தது என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த நூல் அவர் மறைந்தபின் 1954-இல் லண்டனில் வெளிவந்தது. எல்லாவற்றையும் இந்தக் கூட்டத்தில் சொல்ல நமக்கு நா எழவில்லை, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறோம். அவருடைய கடைசி மகள் டான், சிறு பிள்ளை. அந்தக் குழந்தையைத் தாயின் கண்ணெதிரே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். "பெயர்களைச் சொல்" என்றார்கள். தாய் சொல்லவில்லை. "சொல்லாதே அம்மா" என்ற பொருளில் குழந்தையே பேசிற்று என்று தாய் எழுதியிருக்கிறார். நல்லவேளையாக வேறொரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட, குழந்தையை இறக்கிவிட்டார்கள்.

அம்மையாருக்கு ஆயுள் சிறை. பத்து காஜா சிறையில் கிடந்தவரை 1945-இல் போர் முடிந்ததும் வெளியே கொண்டுவந்தபோது எழுந்து நடக்கமுடியாத நிலை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு ஆகாய விமானத்தில் அனுப்பினார்கள். 1947-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். மலாயாவில் அந்தப் பதக்கம் பெற்ற ஒரே பெண்மணி அவர்தான். ஆனால் தாடையில் பட்ட உதை ஆறவே இல்லை. அதிலிருந்து இரத்தத்தில் நஞ்சேறி, 1948 ஜூன் 12-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் காலமானார். அங்கே புதைத்த உடலை 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஊரே திரண்டு பின்னால் போயிற்று.

ஆர்வெல் 1950-இல் இறந்தார். பேசியவருக்கும் கேட்டவருக்கும் அறிமுகமே இல்லாமல் போயிற்று. யாரும் கேட்கவில்லை என்று எண்ணி மைக்கை விட்டு எழுந்தவருக்கு, பப்பான் வீட்டைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால்?

தோழர்களே, லண்டன் ரேடியோவைப் புகழ்ந்து தள்ளவே வந்துவிட்டோம் என்று எண்ணிவிடவேண்டாம். கதையின் மறுபுறம் இனிமேல்தான் வருகிறது.

அம்மையார் இறந்த அதே 1948 ஜூன் மாதத்தில்தான் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அவர் மருந்து கொடுத்துக் காப்பாற்றிய காட்டுப் படையினரில் பலர் இப்போது பிரிட்டிஷாருக்குப் பயங்கரவாதிகளானார்கள். தொழிற்சங்கங்கள் முறிக்கப்பட்டன. எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதை இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று மீண்டும் பேசவில்லை. லயங்களைச் சுற்றி முள்கம்பி ஏறியது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. அந்த வேலிக்குள்ளே அதிசயமாக ஒரு பொருள் வந்தது: ரேடியோ!

ஆம், 1950-இல் அவசரகாலச் செய்திப் பிரிவின் தலைவராக லண்டனிலிருந்து வந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் தம்பி. போரின்போது பி.பி.சி.யில் ஜெர்மானிய மக்களுக்குப் பேசும் பிரிவை நடத்தியவர். ஊர்ப் பொது ரேடியோக்களை ஏராளமாகக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோய் வைக்கும் வேலை அவர் காலத்தில் மும்முரமாக நடந்தது. இவரே பிற்காலத்தில், 1960 முதல் 1969 வரை, பி.பி.சி.யின் தலைமை இயக்குநராக இருந்தார். எங்கள் பாட்டனாரின் தோட்டத்தில் அந்தப் பெட்டியைப் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் மரக் கம்பத்தில் ஏற்றி வைத்தார்களாம். பத்தாண்டுக்கு முன் வேலிக்கு வெளியே நின்றவர்கள் இப்போது வேலிக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டார்கள். தமிழிலேயே கேட்டார்கள். பாட்டும் வந்தது, நாடகமும் வந்தது, சரணடைந்தால் இத்தனை வெள்ளி என்ற அறிவிப்பும் வந்தது. பெட்டி கைக்கு எட்டியது. ஆனால் அதன் காதைத் திருகும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

அந்த அதிகாரம் எதை மறைக்கமுடியும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்வோம். ரப்பர்த் தோட்டத்து உதாரணம்.

சிலாங்கூரில் பத்தாங் காலி அருகே சுங்கை ரெமோக் தோட்டம். 1948 டிசம்பர் 11-ஆம் நாள் மாலை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பட்டாளத்தின் ரோந்துப் படை ஒன்று அந்தத் தோட்டத்துக் கொங்சி வீடுகளைச் சூழ்ந்துகொண்டது. ஆண்களைப் பிரித்து அடைத்தார்கள். அன்று மாலை ஓர் இளைஞரைச் சுட்டார்கள். மறுநாள் காலை பெண்களையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றி அப்புறப்படுத்திவிட்டு, ஆண்களைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து நடத்திக்கொண்டு போய்ச் சுட்டார்கள். மொத்தம் 24 பேர். மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் பிழைத்தார். வீடுகள் கொளுத்தப்பட்டன. இறந்தவர்கள் பால் வெட்டும் சீனத் தொழிலாளரும் அவர்களைச் சார்ந்தோரும். சீனர் கதை நமக்கு எதற்கு என்று முணுமுணுக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒன்று சொல்வோம்: பால் மரம் ஜாதி பார்த்துப் பால் கொடுப்பதில்லை.

இந்தச் செய்தி எப்படி வெளிவந்தது? பயங்கரவாதிகள் தப்பி ஓட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று வெளிவந்தது. பத்திரிகைகள் அதைப் பட்டாளத்தின் பெரிய வெற்றியாக அச்சிட்டன. 1949 ஜனவரியில் லண்டன் பார்லிமெண்டிலும் அதே பதில்தான். பிழைத்தவரை யாரும் கேட்கவில்லை. லாரியில் ஏற்றப்பட்ட பெண்களை யாரும் கேட்கவில்லை. லண்டன் நம்மிடம் பேசிக்கொண்டே இருந்தது. நம் பக்கத்துக் காதைத்தான் அது மூடி வைத்திருந்தது.

இருபத்தோராண்டு அப்படியே கிடந்தது. வியட்நாமில் மை லாய் என்ற ஊரில் அமெரிக்கப் பட்டாளம் செய்த படுகொலை 1969 இறுதியில் உலகத்துக்குத் தெரியவந்தபோது, பிரிட்டனில் ஒரு முன்னாள் சிப்பாய்க்கு மனம் பொறுக்கவில்லை. 'தி பீப்பிள்' என்ற ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிடம் போய், நாங்களும் செய்தோம் என்றார். அவரோடு சேர்ந்து வேறு சிலரும் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். 1970 பிப்ரவரி 1-ஆம் நாள் அது வெளிவந்தது. அந்தப் பத்திரிகை, அங்குள்ள கூலிக்காரரும் சுரங்கத்துக்காரரும் ஞாயிறு காலைத் தேநீரோடு படிக்கும் மலிவுப் பத்திரிகை. அந்தத் தேயிலை எந்த மலையிலிருந்து போனதோ! பெரிய மனிதர்கள் வாசிக்கும் கனமான ஏடுகள் கண்டுபிடிக்காததை அந்த மலிவுப் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. சொன்னவர்களும் துரைமார் அல்லர். கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் பிடித்துப் போடப்பட்ட ஏழைப் பையன்களும் அவர்களில் இருந்தார்கள்.

அன்றைய தற்காப்பு மந்திரி டெனிஸ் ஹீலி விசாரணைக்கு உத்தரவிட்டார். ஸ்காட்லண்ட் யார்டு அதிகாரிகள் சிப்பாய்களை விசாரித்தார்கள். மலேசியாவுக்குப் புறப்படுமுன், 1970 ஜூனில் தேர்தல் வந்து சர்க்கார் மாறியது. புதிய சர்க்கார் காலத்தில், போதிய சாட்சியம் கிடைக்காது என்று சொல்லி விசாரணையைக் கைவிட்டார்கள். 1992-இல் பி.பி.சி. தொலைக்காட்சியே இதைப் பற்றி ஒரு படம் எடுத்துக் காட்டியது. இதை நாம் மனமாரப் பாராட்டவேண்டும். தன் நாட்டுப் பட்டாளத்தின் குற்றத்தைத் தன் நாட்டு மக்களுக்கே ஒரு நிலையம் எடுத்துக் காட்டுவது சிறிய காரியமல்ல. அப்படிக் காட்ட எத்தனை நாட்டு ரேடியோக்களுக்குத் துணிச்சல் உண்டு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நாம் பெயர் சொல்லப் போவதில்லை.

பிறகு இறந்தவர்களின் பிள்ளைகள், கிழவர்களாகிவிட்ட பிள்ளைகள், லண்டன் கோர்ட்டு ஏறினார்கள். 2012-இல் உயர்நீதிமன்றம், 2014-இல் மேல்முறையீடு. கடைசியாக 2015 நவம்பர் 25-ஆம் நாள் உச்சநீதிமன்றம். அந்த 24 பேரும் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்பதையே 1970-இல் வந்த சாட்சியங்கள் காட்டுகின்றன என்று நீதிபதிகள் ஒப்பினார்கள். ஒப்பியபின், காலம் கடந்துவிட்டது, விசாரணை நடத்துமாறு சர்க்காரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். ஐவரில் ஒருவர், ஹேல் அம்மையார், மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 2018-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை. காலம் கடந்ததாம்! கடத்தியது யார்?

இனித் தமிழோசைக்கு வருவோம். போர் முடிந்தபின் லண்டனில் அந்தத் தமிழ்ப் பகுதிக்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்து அறிஞர் சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் 'தமிழோசை' என்ற அழகான பெயரைச் சூட்டினார். ஒலிபரப்புத் தொழிலைத் தமிழில் ஒரு கலையாகவே எண்ணி நூல் எழுதியவர் அவர். அந்த ஒலிபரப்பு இந்தியாவையும் இலங்கையையும் நோக்கி அனுப்பப்பட்டது. மலாயாவை நோக்கி அல்ல. இருந்தாலும் காற்றுக்கு எல்லை ஏது? எங்கள் பாட்டனார் எழுபதுகளில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கினார். தம் சொந்தப் பணத்தில் வாங்கிய முதல் ஆடம்பரப் பொருள் அது. இங்கே நள்ளிரவு நெருங்கும் வேளையில், விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டிய மனிதர், போர்வைக்குள் பெட்டியை வைத்துக்கொண்டு, விசில் சத்தத்துக்கு நடுவே தமிழைத் தேடுவார். 1983-இல் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த செய்தியைக் கேட்டபோது லயத்தில் நாலு வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினாராம். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அந்த விசில் சத்தத்தில்தான் தூங்கினோம். அவர் பெட்டியைத் திண்ணையில் வைத்துத்தான் கேட்பார். ஏன் என்று இப்போது விளங்குகிறது. வேலிக்கு வெளியே ஆள் நிற்கலாமே!

2017 ஏப்ரல் 30-ஆம் நாள் தமிழோசை சிற்றலை ஒலிபரப்பு நின்றது. 76 ஆண்டு பேசிய குரல். பி.பி.சி. தமிழ் இன்று இணையத்தில் இருக்கிறது, படமாகவும் எழுத்தாகவும் வருகிறது. கைப்பேசி உள்ளவன் பார்க்கிறான். நம்மோடு கொழுந்து வெட்டும் வங்காளதேசத்துத் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஊரில் அவர் தகப்பனாரும் இப்படித்தான் லண்டன் வங்காளி ரேடியோவைக் கேட்பார் என்றார். அந்த வானொலிச் சேவையும் 2022 டிசம்பர் 31-ஆம் நாள் நின்றுவிட்டது. இருவரும் சிறிது நேரம் பேசாமல் தேநீர் குடித்தோம்.

இன்று செய்திக்குக் குறைவில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் லண்டன் இருக்கிறது. ஆனால் ரிங்லெட்டில் எந்த லயத்துக் கூரை ஒழுகுகிறது, எந்த மண் சரிவுக்குக் கீழே வீடு இருக்கிறது, எந்தத் தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை யார் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதை லண்டன் சொல்லாது. கோலாலம்பூரும் தானாகச் சொல்லாது. பத்தாங் காலிப் பெண்கள் லாரியில் ஏறிய அன்றே ஒருவராவது அவர்களிடம் காகிதமும் பென்சிலுமாகப் போயிருந்தால், அறுபத்தேழு ஆண்டு கழித்துக் காலம் கடந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் வாய் வந்திராது. நம் ஏட்டுக்குத் தோட்டச் செய்தி எழுதுங்கள் என்று ஆசிரியர் ஒவ்வொரு இதழிலும் கேட்கிறார். வருவது கோயில் திருவிழாவும் காது குத்தும்தான். அவையும் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. எழுத வராதவர்கள் வாயால் சொல்லட்டும். கிராணிமார் எழுதிக் கொடுப்பார்கள். தேதியும் இடமும் தவறாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. அடுத்த மாதம் முதல் ஞாயிறு பப்பானுக்குப் போய் வர ஒரு வேன் பேசியிருக்கிறோம். 74-ஆம் நம்பர் வீட்டை வெளியிலிருந்தாவது பார்ப்போம். திரும்பும் வழியில் ஈப்போவில் அம்மையாரின் கல்லறைக்கும் போவோம். காலை 6 மணிக்கு ரிங்லெட் பஸ் நிற்கும் இடத்தில் புறப்பாடு. ஆளுக்கு 20 வெள்ளி, பிள்ளைகளுக்குப் பாதி. சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வரவேண்டும். வியாழக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள். கிராணிமாருக்கு ஒரு வேன், தொழிலாளருக்கு ஒரு வேன் என்று நேற்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரே வேன்தான்.